ஆவணி 98

இல்ல தம்பி, இது பாக்கு டப்பா இல்ல. எடுத்துப் பாருங்க, பரவாயில்ல. அந்தத் தகட்டை மட்டும் நகட்டிறாதீய, உள்ள இருக்கிற கறுப்புல விரல் பட்டா போச்சு. பிளாப்பின்னு சொல்லுவாங்க. மடியில கம்ப்யூட்டரை வச்சிருக்கீய, இது தெரியலையே. உங்க மேல தப்பில்ல, நீங்க படிக்கப் போகும்போதே இது வழக்கொழிஞ்சு போச்சு. மேல ஒட்டியிருக்கிற சீட்டைப் படிங்க. ‘ஆவணி 98’. அந்த ஆவணியிலதான் எங்க குடும்பம் ரெண்டாச்சு.

போன் அடிக்குது, தெரியுது. அடிக்கட்டும். எம் மருமகதான். எந் தங்கச்சி மக, செண்பகம். ராஜபாளையத்துல இருந்து கூப்பிடுதா. எந் தங்கச்சி போய்ச் சேர்ந்து இன்னைக்கு ஒம்பதாம் நாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்கணும். அதுல எம் பேரைப் போடவா வேண்டாமான்னு என்கிட்டயே கேக்குதா. பன்னெண்டு மணிக்கு அச்சுக்குக் குடுக்கணுமாம், அதுக்குள்ள சொல்லணுமாம். கேக்குற கேள்வியைப் பாத்தீயளா. கூடப் பொறந்த அண்ணன் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். போடவா வேண்டாமான்னு ஒரு கேள்வி.

இப்ப மணி என்ன, ஒம்பதே முக்கால். பஸ் இப்பதான் தென்காசியைத் தாண்டுது. பதில் சொல்ல நேரம் கிடக்கு. நீங்களும் ராஜபாளையம்தானே? அப்ப கேளுங்க. கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க, நான் ஏத்துக்கிடுதேன்.

நான் சர்வேயரா இருந்தவன். முப்பத்தி நாலு வருஷம் சங்கிலி பிடிச்சு இழுத்திருக்கேன். எம் பேரு குற்றாலிங்கம். வரப்புத் தகராறுக்குப் போனா ஆளுக்கு ஒரு கதை சொல்லுவான். அழுவான், சத்தியம் பண்ணுவான், பிள்ளை தலையில கை வைப்பான். நான் காதுல வாங்க மாட்டேன். கல்லு எங்க, படத்துல எங்க, அவ்வளவுதான் எனக்கு. அதனாலதான் எங்க வீட்டு விவகாரத்துலயும் வாய்ப்பேச்சை நான் நம்பல. காகிதம் வேணும்னு நின்னேன். இதுல என்ன தப்பு?

எந் தங்கச்சி பேரு உலகம்மாள். உலகுன்னு கூப்பிடுவோம். என்னைவிட ஆறு வயசு இளையவ. ராஜபாளையத்துல மில்லுல வேலை பாத்த சுடலைமுத்துக்குக் கட்டிக் குடுத்தோம். அவன் எப்படிப்பட்ட ஆளுன்னா, சரி வேண்டாம், அவனும் பாவம் இப்ப தனியா உக்காந்திருக்கான். ஆனா அன்னைக்கு அவனுக்கு என்னைக் கண்டா ஆகாது. எனக்கும் ஆகாது.

தொண்ணூத்தெட்டு ஆவணியில செண்பகத்துக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். இருக்கிறது ஒரே ஒரு தாய்மாமன், நான்தான். பத்திரிகையில தாய்மாமன் பேரு எங்க வரணும்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. உலகு ப்ரூஃபை எடுத்துக்கிட்டு பஸ் ஏறி எங்க வீட்டுக்கே வந்தா. காமிச்சா. பாக்கேன், கீழ, நல்வரவை விரும்பும்னு ஒரு பட்டியல் இருக்கும் பாருங்க, அதுல சுடலைமுத்தோட அண்ணன் தம்பி, சித்தப்பன், மில்லுல மேஸ்திரி, எல்லாம் முடிஞ்சு ஏழாவதா நான். கடுகு மாதிரி எழுத்துல.

நான் சத்தம்கூடப் போடல. இப்படிப் போடுறதுக்குப் போடாமலே இருக்கலாம்னு சொல்லிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் குடுத்தேன். அவ்வளவுதான் சொன்னேன். அவ, “அண்ணே, நான் பாத்துக்கிடுதேன், மாத்திட்டு வாரேன்”னு சொல்லிட்டுச் சாப்பிடாமப் போனா. அது செவ்வாக்கிழமை.

வியாழக்கிழமை திரும்ப வந்தா. நான் வீட்டுலதான் இருந்தேன். லீவு போட்டிருந்தேன், வருவாள்னு தெரியும். ஆனா வந்த உடனே ஓடிப்போய் என்னளா கொண்டாந்திருக்கன்னு கேக்க முடியுமா? நமக்கும் ஒரு இது இருக்குல்ல. உள் ரூம்ல படுத்துக்கிட்டு, வீட்டுக்காரிகிட்டச் சொல்லி அனுப்பினேன். அவர் பேரையே போட வேண்டாம்னு சொல்லுதாருன்னு சொல்லச் சொன்னேன். இவளும் போய் அப்படியே, ஒரு எழுத்து மாத்தாமச் சொல்லிட்டா. கோவத்துல இருக்கிறவன் சொல்றதை அப்படியேவா கொண்டுபோய்க் குடுக்கிறது? உலகு கொஞ்ச நேரம் வாசல்ல நின்னா. பையில இருந்து என்னமோ எடுத்தா, திரும்ப வச்சா. போயிட்டா. ஜன்னல் வழியாப் பாத்தேன்.

அவ ரூமுக்குள்ள வந்திருக்கலாம். அண்ணன் ரூம்தானே. கையைப் பிடிச்சு இழுத்து, எந்திரிண்ணே, பாருண்ணேன்னு சொல்லியிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?

பத்து நாள் கழிச்சுத் தபால்ல பத்திரிகை வருது. பிரிச்சுப் பாத்தா எம் பேரே இல்ல. மேலயும் இல்ல, கீழயும் இல்ல. ஏழாவது இடத்துல மேஸ்திரியோட மச்சான். எங்க அம்மா அப்பா இல்லாத வீட்டுல அவளைத் தூக்கி வளத்தவன் நான். கல்யாணத்துக்குப் போகல. தாய்மாமன் மாலையை எங்க பெரியப்பா மகன் அருணாசலம் போட்டானாம். போட்டோவுல பாத்தேன், என் இடத்துல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கான்.

உலகு வந்து அழுதா. “நான் மேலதாண்ணே போடச் சொன்னேன், ஒசத்தித்தான் போட்டேன், நீதான் வேண்டாம்னுட்ட”ன்னு சொன்னா. நான் நம்பல. புருஷனைக் காப்பாத்துறதுக்கு நீ பொய் சொல்லுதன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். மேல போட்டிருந்தா அந்தக் காகிதம் எங்கன்னு கேட்டேன். அவகிட்ட இல்ல. கிழிச்சுப் போட்டுட்டாளாம். காகிதம் இல்லாத பேச்சு என்ன பேச்சு. அன்னையோட முடிஞ்சது. இருபத்தாறு வருஷம். கடையநல்லூர்ல ஒரு கல்யாண வீட்டுல எதிர்க்க வந்தா, நான் அடுத்த பந்திக்குப் போயிட்டேன்.

இதோ, கடையநல்லூரே வந்துட்டு.

இந்தச் சித்திரையில ஒருநாள் போன். “அண்ணே, உலகு பேசுதேன். கிட்னி ரெண்டும் போச்சுண்ணே. வாரத்துக்கு மூணு தடவை ஆஸ்பத்திரி. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ.” குரல் ஆளே மாறிப்போயிருந்தது. எனக்கு அப்பவே கிளம்பணும்னுதான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், சட்டையைக்கூட மாட்டிட்டேன். அப்புறம் யோசிச்சேன். இப்படியே போயி நின்னா என்ன அர்த்தம்? இருபத்தாறு வருஷமா நான் வீம்பு பிடிச்சவன்னு ஆகிடும்ல. காகிதத்தோட போவோம். சுடலைமுத்து எடுக்கச் சொன்னதுதான்னு கையில ஆதாரத்தை வச்சுக்கிட்டுப் போவோம், போயி அதையும் மன்னிச்சுட்டேன்னு சொல்லுவோம். அது கௌரவமா இருக்கும்னு நெனச்சேன்.

பத்திரிகை அடிச்ச டி.டி.பி. சென்டர் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தது. இப்ப அது இல்ல. அதுல டைப் அடிச்ச ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு, இப்ப அம்பது வயசு இருக்கும், அதே தெருவுல ஜெராக்ஸ் கடை போட்டிருக்கு. கேட்டேன். நல்ல பிள்ளை, ஒரு பிஸ்கட் தகரத்துல பழைய பிளாப்பி எல்லாத்தையும் கல்யாண மாசவாரியாச் சீட்டு ஒட்டி வச்சிருந்தது. ஆவணி தொண்ணூத்தெட்டுக்கு ஒண்ணு. எடுத்துக் குடுத்துட்டு, “இதைப் படிக்கிற மெஷின் எங்க கிடைக்கும் சார், இதுல பூஞ்சை பூத்திருக்கு பாருங்க”ன்னு சொன்னது. அந்தக் கடைக்கும் உலகு வீட்டுக்கும் ரெண்டு தெருதான். போகல. காகிதம் கைக்கு வரட்டும்னு திரும்பிட்டேன்.

தென்காசியில எவன்கிட்டயும் அந்த மெஷின் இல்ல. கடைசியில திருநெல்வேலி ஜங்ஷன்ல மீரான் பாய்னு ஒருத்தர். கெட்டுப்போன டிஸ்க்ல இருந்து போட்டோ, கணக்கெல்லாம் எடுத்துக் குடுக்கிறவர். நிதானமான மனுஷன். பிளாப்பியை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, “பெரியவரே, இதைச் சும்மா சும்மா ஓட்டக் கூடாது. ஒவ்வொரு சுத்துக்கும் பூஞ்சை உரசி, இருக்கிறதும் போகும். முதல்ல துடைப்போம். அப்புறம் ஒரே ஒரு தடவை, மெதுவா, முதல்ல இருந்து கடைசி வரை அப்படியே ஒரு நகல் எடுத்துக்குவோம். இமேஜ்னு சொல்லுவோம். தேடுறதெல்லாம் அந்த நகல்ல”ன்னார். எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. எங்க ஆபீஸ்லயும் நைஞ்சுபோன புலப்படத்தை விரிச்சு வச்சு அளக்க மாட்டோம். மேல டிரேஸிங் பேப்பரைப் போட்டு நகல் எடுத்துட்டு, நகல்லதான் வேலை. இந்த ஆள் நம்ம ஆளுன்னு தோணிச்சு.

நகல் எடுக்கவே ஒரு மாசம் ஆச்சு. மெஷினுக்குள்ள இருக்கிற தலை அழுக்காகி நின்னுச்சு, வேற மெஷின் பாம்பேயில இருந்து வரவழைச்சார். இடையில உலகு ரெண்டு தடவை போன் பண்ணினா. வைகாசியில ஒண்ணு, ஆனியில ஒண்ணு. “எங்கண்ணே இருக்க?”ன்னா. வாரேன்ளா, அந்தப் பத்திரிகையோட பிளாப்பி கிடைச்சிருக்கு, அதுல இருக்கிறதை எடுத்துக்கிட்டு வாரேன்னு சொன்னேன். சிரிச்சா தம்பி. அந்த நிலைமையிலயும் சிரிச்சா. “அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்ணே. நீ சும்மா வா”ன்னா. அதெல்லாம் இல்ல, காகிதத்தோடதான் வருவேன்னு சொன்னேன். “சரிண்ணே, ஒன் இஷ்டம்”னு வச்சுட்டா. எப்பவும் அதான் சொல்லுவா. சின்னப் பிள்ளையில இருந்தே, நான் ஒண்ணு சொன்னா மறுத்துப் பேச மாட்டா.

ஆனி கடைசியில மீரான் பாய் கூப்பிட்டார். போனேன். நகல் எடுத்தாச்சு, உங்க மருமக கல்யாணத்துக்கு ரெண்டு பைல் இருக்குன்னார். ஒண்ணு வெளிய தெரியிது, இன்னொண்ணு அழிச்சது. அழிச்சதை எப்படிப் பாக்க முடியும்னு கேட்டேன். அவர் சொன்னதைக் கேளுங்க. பிளாப்பியில ஒரு பைலை அழின்னு சொன்னா அது நெசமா அழிக்காதாம். பேர் பட்டியல்ல அந்தப் பைலோட பேருக்கு முதல் எழுத்தை மட்டும் அடிச்சுட்டு, இது செத்துப்போச்சுன்னு குறிச்சு வச்சுக்குமாம். அந்த இடத்து மேல வேற எதையும் எழுதாத வரைக்கும் உள்ள எழுதினது எழுதினபடி கிடக்குமாம், எத்தனை வருஷம் ஆனாலும். ஒரு டீ வாங்கிக் குடுங்க பாய்னு கேட்டுக் குடிச்சேன்.

ஆனா திறந்தா ஒண்ணும் புரியல. ரெண்டுமே இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமாக் கொட்டிக் கிடக்கு. கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டேன். அவர்தான், “கெடல பெரியவரே, அந்தக் காலத்துல தமிழுக்குக் கடைக்கு ஒரு எழுத்துரு வச்சிருப்பாங்க, பான்ட்னு சொல்லுவோம். எந்தப் பான்ட்ல அடிச்சாங்களோ அதைப் போட்டாத்தான் தமிழாத் தெரியும். அடிச்ச பொண்ணுகிட்டக் கேட்டு வாங்கிட்டு வாங்க”ன்னார். திரும்ப ராஜபாளையம். திரும்ப ஜெசிந்தா கடை. அந்தப் பிள்ளை ஊர்ல இல்ல, வேளாங்கண்ணிக்குப் போயிருந்தது. வர ஒரு வாரம் ஆச்சு. வந்து தகரத்தைக் கிண்டி, வேற ஒரு பிளாப்பியில இருந்த பான்டைக் குடுத்தது. அன்னைக்கும் உலகு வீட்டுக்குப் போகல. ரெண்டு தெரு. இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கின்னு நெனச்சேன். போன வாரம் வெள்ளிக்கிழமை திருநெல்வேலிக்குப் போனேன்.

புளியங்குடி வந்துட்டா? பஸ் அஞ்சு நிமிஷம் நிக்கும். இறங்குறதுன்னா இறங்குங்க. நான் வரல.

வந்துட்டீயளா. இந்தப் பயலும் ரெண்டு தடவை அடிச்சு ஓய்ஞ்சான், போனைத்தான் சொல்லுதேன். அன்னைக்கு வெள்ளிக்கிழமையும் இப்படித்தான், போனைச் சத்தமில்லாம வச்சுப் பைக்குள்ள போட்டிருந்தேன். அவர் வேலை பாக்கும்போது தொந்தரவு வேண்டாம்னு. பான்டைப் போட்டார். முதல்ல வெளிய தெரிஞ்ச பைல். ஆகஸ்ட் பதினாலு, வெள்ளிக்கிழமை தேதி. அச்சாகி வந்தது, எம் பேர் இல்லாதது. அப்புறம் அழிச்ச பைல். ஆகஸ்ட் பன்னெண்டு, புதன்கிழமை, சாயங்காலம் நாலு இருபது. எழுத்து ஒவ்வொண்ணாத் தமிழா மாறுது.

இந்தாங்க, அதோட பிரிண்ட், நீங்களே பாருங்க. மேல பிள்ளையார் சுழி. அதுக்குக் கீழ, வேற யார் பேரும் வர்றதுக்கு முன்னாடி, நடுவுல, பொண்ணு மாப்பிள்ளை பேரைவிடப் பெரிய எழுத்துல. ‘தாய்மாமன் திரு. ச. குற்றாலிங்கம், சர்வேயர், தென்காசி அவர்களின் நல்லாசியுடன்’. எந்தப் பத்திரிகையிலயாவது இப்படிப் பாத்திருக்கீயளா?

மீரான் பாயிகிட்டச் சொன்னேன், பாருங்க பாய், போட்டிருக்காங்க, போட்டுட்டு எடுத்திருக்காங்க, நான் இத்தனை வருஷமாச் சொன்னேன்லன்னு. அவர் தேதியைப் பாத்துட்டு, “புதன் போட்டிருக்காங்க, வெள்ளி எடுத்திருக்காங்க. நடுவுல வியாழக்கிழமை என்ன ஆச்சு பெரியவரே?”ன்னு கேட்டார். நல்ல மனுஷன்தான், ஆனா அது அவருக்குத் தேவையில்லாத கேள்வி. பிரிண்ட் குடுங்கன்னு வாங்கிக்கிட்டு வெளிய வந்து போனை எடுக்கேன், பதினேழு மிஸ்டு கால்.

காலையில பத்தரைக்கே போயிட்டாளாம். சாயங்காலம் வரைக்கும் எனக்காக வச்சிருந்திருக்காங்க. பொறந்த வீட்டுக் கோடிச் சேலை நான்ல போடணும். நான் பஸ் மாறி பஸ் பிடிச்சுப் போறதுக்குள்ள இருட்டிட்டு. தூக்கிட்டாங்க. கோடி அருணாசலம் போட்டானாம். திரும்பவும் அருணாசலம். நான் தெருமுனையில நின்னு அந்த வீட்டைப் பாத்தேன், வாசலைக் கழுவி விட்டுக்கிட்டிருந்தாங்க. உள்ள போகல. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது. லாட்ஜ்ல போய்ப் படுத்தேன்.

மறுநாள் என்ன செஞ்சேன் தெரியுமா? ஜெசிந்தா கடைக்குப் போயி இந்தப் பிரிண்டுக்குப் பத்து ஜெராக்ஸ் கேட்டேன். சொந்தக்காரன் ஒவ்வொருத்தன் கையிலயும் ஒண்ணு குடுக்கலாம்னு. உண்மை தெரியட்டும்னு. அந்தப் பிள்ளை கண்ணாடியைப் போட்டுப் பாத்துட்டு, “சார், இதுவா? இது எனக்கு ஞாபகம் இருக்கே. அந்த அக்கா எம் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, இன்னும் பெருசாப் போடு, இன்னும் பெருசாப் போடுன்னு சொன்னாங்க. பொண்ணு பேரைவிடப் பெருசா வருதுக்கான்னு சொன்னேன், வரட்டும் எங்கண்ணன் பேருதானேன்னாங்க. ரெண்டு நாள் கழிச்சு வந்து எடுத்துடச் சொன்னாங்க. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. எதுக்குக்கான்னு கேட்டேன். எங்கண்ணன் வேண்டாம்னுட்டாங்க, அவங்க சொல்லை நான் மீறக் கூடாதுன்னாங்க”ன்னு சொன்னது.

பத்து ஜெராக்ஸும் பையிலதான் இருக்கு. ஒருத்தன்கிட்டயும் காட்டல. உங்ககிட்டத்தான் முதல்ல காட்டுதேன்.

வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன். அவ சோத்தை வச்சுக்கிட்டே, “அன்னைக்கு என்னைத்தானே வாசலுக்கு அனுப்பினீங்க. நான் போய்ச் சொல்லிட்டு வந்து இருபத்தாறு வருஷமா நெஞ்சுல கல்லோட இருக்கேன்”னா. இவ அன்னைக்கு மாத்திச் சொல்லியிருக்கலாம்ல. அண்ணன் தூங்குதாரு, நீ மேலயே போட்டுக்கோன்னு சொல்லியிருந்தா யார் கேக்கப் போறா? ஆளாளுக்கு என் சொல்லை இப்படிப் பிடிச்சுக்கிட்டா நான் என்ன செய்ய முடியும்? ஒருத்தராவது மீறியிருக்க வேண்டாமா தம்பி?

நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிட்டீய. சரி.

நேத்து ராத்திரி செண்பகம் போன் பண்ணினா. பத்திரிகைக்குப் பேர் எழுதுதோம் மாமா, உங்க பேரைப் போடவான்னு. எனக்கு வந்த கோவத்துக்கு, கேட்டுட்டுத்தான் போடுவீங்களோன்னு கேட்டேன். அவ அழுதுட்டா. “இல்ல மாமா. அம்மா ஆஸ்பத்திரியில வச்சுச் சொல்லிட்டுப் போயிருக்கா. எங் காரியத்துப் பத்திரிகையில மாமா பேரை அவரைக் கேக்காமப் போட்டுடாதீய, ஒருதடவை வேண்டாம்னு சொன்னவர், அவர் வாயால போடச் சொன்னாத்தான் போடணும்னு. நீங்க சொல்லுங்க மாமா, போடுதோம். சொல்லலைன்னா அந்த இடத்தை விட்டுடுவோம்”னா. யோசிச்சுச் சொல்லுதேன்னு வச்சுட்டேன். என்ன யோசனைன்னு கேக்காதீய. போடுங்கன்னு ஒரு வார்த்தை. அதை எப்படிச் சொல்றது? இருபத்தாறு வருஷமா, அவங்க வந்து கெஞ்சுவாங்க, நான் சரின்னு சொல்லணும்னு இருந்தவன். நானாக் கேட்டு வாங்குற பேரா அது. வாயைத் திறந்தா வர மாட்டேங்குது தம்பி. நேத்து ராத்திரியில இருந்து பாக்கேன். அதான் பஸ் ஏறிட்டேன், நேர்ல போனா அதுவாச் சொல்லிடுவேனோன்னு.

சிவகிரி தாண்டி ரொம்ப நேரமாச்சு. மணி எத்தனை? பதினொண்ணு நாப்பத்தஞ்சா? பஸ் ஸ்டாண்டு போயி, இறங்கி, நடந்து போறதுக்குள்ள பன்னெண்டு தாண்டிடும். அச்சாபீஸ்க்காரன் நிக்க மாட்டான். ஒருதடவை அச்சாகிட்டா அப்புறம் எதுல இருந்து எடுக்கிறது? அதை எந்தப் பிளாப்பியில தேடுறது?

அடிக்குது பாருங்க. அவதான்.

தம்பி, ஒரு உபகாரம் செய்யுங்க. இந்தாங்க, இதை நீங்க எடுத்துப் பேசுங்க. பச்சையை அமுத்துங்க. மாமா பஸ்லதான் வந்துக்கிட்டிருக்காருன்னு சொல்லுங்க. போடச் சொல்லுதாருன்னு சொல்லுங்க. மாத்தாம அப்படியே சொல்லிடுங்க. எங்க போடணும்னு கேப்பா, அவ ஆத்தாளை மாதிரிதான், கேக்காம ஒண்ணும் செய்ய மாட்டா. சின்ன எழுத்துல, ஏழாவதாப் போட்டாலும் போதும்னு சொல்லுங்க.